பனிப்புயலில் டாக்ஸி, மாரி வெள்ளத்தில் ஆட்டோ: ஓடுவதா, நிறுத்துவதா?

21.11.2024, இரவு 9.10
(வாசகர் ஒருவரின் கேள்வி)

தம்பி கனடாவில், மொன்றியலில் டாக்ஸி ஓட்டுகிறான். ஓட்டத் தொடங்கியபின் வருகிற முதல் குளிர்காலம் இது. அம்மா இலங்கையில், சித்தாண்டியில் இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் அழுகிறா. பனி கொட்டினால் வீட்டில் இரு, காசு பிறகு உழைக்கலாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டா. அவன் கேட்கிற மாதிரி இல்லை, பனி கொட்டுகிற நாளில்தான் உழைப்பே என்கிறான். என்னைக் கேட்டால், பனியும் ஐஸும் கிடக்கிற நாட்களில் டாக்ஸியே ஓடக்கூடாது என்று சட்டம் போட வேண்டும். அங்கே ஓட்டிய ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள், நான் சொல்வது பிழையா?

21.11.2024, இரவு 10.45

நான் ஓட்டியிருக்கிறேன், அதே மொன்றியலில்தான். இப்போது ஊருக்கு வந்து மட்டக்களப்பு கல்லடியில் ஆட்டோ வைத்திருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

சட்டம் போட்டு நிறுத்தினால் யார் தெருவில் நிற்பார்கள் என்று முதலில் பாருங்கள். பனி கொட்டும் இரவில் ஊர் சுற்றிப் பார்க்க யாரும் டாக்ஸி பிடிப்பதில்லை. டயாலிசிஸுக்குப் போகும் முதியவர், இரவு வேலை முடித்து வரும் தாதி, விடியற்காலை நாலு மணிக்குப் பேக்கரியில் அடுப்பு மூட்ட வேண்டியவர். இவர்கள்தான் அன்றைக்குக் கை காட்டுவார்கள். நடக்க முடியாதவர்களுக்கென்று அந்த நகரப் போக்குவரத்துச் சபை ஒரு சேவை நடத்துகிறது. அந்த ஓட்டங்களில் பெரும்பகுதியை ஓடுவது ஒப்பந்த டாக்ஸிகள். டாக்ஸி நின்றால் அதுவும் படுத்துவிடும்.

இன்னொன்று, அந்த ஊரில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 2 மீற்றர் அளவுக்குப் பனி விழும். விழுகிற நாளெல்லாம் நிறுத்து என்றால் மார்ச் மாதம் வரைக்கும் கால்வாசி நாள் சம்பளமில்லாத லீவுதான்.

ஆனால் அம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. விழுகிற பனியில் ஓடலாம். மெதுவாகப் போனால் டயர் பிடிக்கும், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். ஐஸ் அப்படி இல்லை. காய்ந்த தார் ரோட்டில் டயருக்குக் கிடைக்கும் பிடிமானத்தில் ஏழில் எட்டில் ஒரு பங்குதான் ஐஸில் கிடைக்கும். அதிலும் மோசம் உறைமழை. மழையாக விழுந்து ரோட்டில் பட்டதும் கண்ணாடியாக இறுகிவிடும். 1998 ஜனவரி முதல் வாரத்தில் அங்கே அப்படிப் பெய்த மழையில் மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. பழைய ஓட்டுநர்கள் இப்போதும் அந்தக் கதையைச் சொல்வார்கள்.

ரோட்டைப் பார்த்து எது ஐஸ், எது ஈரம் என்று சொல்ல முடியாது, இரண்டும் கறுப்பாகத்தான் தெரியும். நாங்கள் செய்வது இதுதான். வண்டி எடுத்து முதல் தெருவிலேயே, பின்னால் யாரும் இல்லையென்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, மெதுவாகப் போகும்போது பிரேக்கை ஒரு அமத்து அமத்துவோம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) காலுக்கடியில் கடகடவென்று உதைத்தால், அல்லது ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போனால், அன்றைக்கு ரோடு எப்படி என்று தெரிந்துவிடும். பாலம் ஏறும்போது மட்டும் அந்தக் கணக்கை நம்பக்கூடாது. பாலத்துக்குக் கீழே மண் கிடையாது, குளிர்காற்று அடியாலும் போகும். மற்ற ரோடு ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்திருக்கும்.

தம்பிக்குச் சொல்லுங்கள்: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் கட்டாயம். தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே மாற்றட்டும்.

22.11.2024, காலை 6.30

நோர்வே அக்கா ஒருவர் இரவு எழுதியிருக்கிறா, மைனஸ் 20தான் மோசம், மைனஸ் 2 என்றால் பயமில்லை என்று. ரோட்டைப் பொறுத்தமட்டில் தலைகீழ் அக்கா. பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படை ஒன்று நிற்கும், வழுக்குவது அதில்தான். நன்றாக இறுகிக் குளிர்ந்த ஐஸில் டயர் கொஞ்சமாவது பிடிக்கும். மைனஸ் 20இல் கஷ்டம் வேறு மாதிரி. மைனஸ் பத்துப் பதினைந்துக்குக் கீழே போனால் ரோட்டில் போடுகிற உப்பு ஒழுங்காக வேலை செய்யாது, கல்லுத்தூள்தான் போடுவார்கள். பட்டரியும் செத்துப்போகும்.

உங்கள் நாட்டில் ஆணி பதித்த டயருக்கு அனுமதி இருக்கிறது, குளிர்காலத்தில் டயர் பள்ளம் 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அது நல்ல விதி. வண்டியை நிறுத்து என்று சொல்லாமல், எப்படிப்பட்ட வண்டியோடு ரோட்டுக்கு வா என்று சொல்கிற விதி.

22.11.2024, காலை 6.50

ஃபோர்வீல் ட்ரைவ் இருந்தால் பிரச்சினை இல்லை என்கிறவருக்கு: அது வண்டியைக் கிளப்ப உதவும். நிற்பாட்ட உதவாது. பனிநாளில் அங்கே கானுக்குள் கிடக்கிற வண்டிகளில் பெரிய ஜீப்புகளுக்குக் குறைவே இல்லை.

23.11.2024, மதியம்

நேற்று முழுக்க டயரும் உப்பும் கதைத்தோம். கேள்வி கேட்டவர் தனியாக ஒன்று எழுதியிருந்தார்: தம்பி சொந்தக் காரில் ஓட்டவில்லை, கிழமை வாடகைக்கு எடுத்த கார். அதைக் கேட்டபிறகு நான் முந்தநாள் எழுதியது அரைவாசிப் பதில்தான் என்று படுகிறது.

வாடகைக் காருக்குக் கிழமைக் காசு, பனி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் கட்ட வேண்டும். கிழமையில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் மிச்ச ஐந்து நாளும் முதலாளிக்கு உழைத்த மாதிரி. அப்போது "ஓடுவதா விடுவதா என்று நீயே முடிவெடு" என்று அவனிடம் சொல்வதில் என்ன இருக்கிறது? முடிவு திங்கட்கிழமை வாடகை கொடுத்தபோதே எடுத்தாகிவிட்டது.

நான் ஓட்டிய காலத்தில் டாக்ஸிக்குப் பெர்மிட் (அனுமதிப்பத்திரம்) முறை இருந்தது. பெர்மிட் வைத்திருந்தவர்கள் அதை வீட்டுக் கடன் போலக் கடன்பட்டு வாங்கியவர்கள், இல்லாதவர்கள் அவர்களிடம் வாடகைக்கு எடுத்தவர்கள். 2019இல் சட்டம் வந்து அந்தப் பெர்மிட் முறையே போய்விட்டது. ஆனால் காருக்குக் கட்டுகிற காசு போகவில்லை. ஆபத்தான வேலையைச் செய்ய மாட்டேன் என்று மறுக்கிற உரிமை கியூபெக்கில் தொழிலாளிக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் மேற்பார்வையாளரிடம் போய் மறுக்கலாம். டாக்ஸிக்காரன் தனக்குத்தானே முதலாளி என்று கடதாசியில் இருக்கும். யாரிடம் போய் மறுப்பது? கண்ணாடியைப் பார்த்தா?

அதனால் என் பேச்சு இப்போது இப்படி: ஓடாதே என்று சட்டம் போடுவதைவிட, நகரத்துக்குப் புயல் எச்சரிக்கை விட்ட நாளுக்கு வாடகை கிடையாது என்று ஒரு விதி போட்டால் பாதிப் பேர் தாங்களாகவே நிற்பார்கள். மிச்சப் பாதிப் பேர் ஓடுவார்கள், ஆனால் அவசரமில்லாமல் ஓடுவார்கள்.

23.11.2024, பின்னேரம்

"முதலாளிமார் சும்மா விடுவார்களா" என்று ஒருவர். விடமாட்டார்கள்தான். நான் ஆசையைச் சொன்னேன்.

24.11.2024, இரவு

களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கேட்கிறார், மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஏன் பனிக் கதை, இங்கே நுவரெலியாவுக்குப் போனாலும் புல்லில் உறைபனிதான், பனிமழை கிடையாது என்று. உண்மை. ஆனால் இங்கேயும் மாரி இருக்கிறது தம்பி. நாளைக்கு உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது, வானத்தைப் பார்த்தீர்களா? வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்கம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஏற்றிப்போகிற ஹயர் (வாடகை ஓட்டம்) இருக்கிறது. அவர்களுக்கு நான் வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இதே கேள்வி நாளைக்கு என் வாசலில்.

26.11.2024, காலை 10.20
(போனில் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருக்கும்)

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தரிப்பிடத்தில் நிற்கிறேன். உப்போடைப் பக்கத்து ஒழுங்கையில் தண்ணீர் சில்லின் அரைவாசி. ஒரு பிள்ளையின் தகப்பன் முன்னால் குடையோடு நடந்து, காலால் குழி தேடிக்கொண்டு போனார், நான் அவர் பின்னால் முதல் கியரில். பிள்ளை கால் இரண்டையும் சீற்றில் தூக்கி வைத்துக்கொண்டு உயிரியல் குறிப்பு வாசிக்கிறாள். சப்பாத்து மடியில்.

பாலத்தில் காற்று. ஆட்டோவின் பக்கத்து றெக்சின் திரையை இறக்கினால் வண்டி முழுக்கக் காற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு இழுக்கிறது. சுருட்டினால் பிள்ளை நனைகிறது. காற்றடிக்கும் பக்கத்தை இறக்கிவிட்டு மற்றப் பக்கத்தைச் சுருட்டினேன், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் இரண்டையும் சுருட்டிவிட்டு மழைக்கோட்டைப் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

26.11.2024, இரவு 11

பரீட்சையை நாளையிலிருந்து மூன்று நாளைக்கு நிறுத்திவிட்டார்கள். நிம்மதி. இதைத்தான் சொல்கிறேன்: பரீட்சை நடக்கிறது என்றால் ஆட்டோ ஓடித்தான் ஆக வேண்டும். ஓட்டுநர் நல்லவனா பொறுப்பில்லாதவனா என்று பார்ப்பதற்கு முதல், அவனைத் தெருவுக்கு இழுப்பது எது என்று பார்க்க வேண்டும். பிள்ளை வீட்டில் இருந்தால் நானும் வீட்டில் இருப்பேன்.

பின்னேரம் ஒரு ஹயர் மறுத்தேன். மண்டூருக்குப் போக வேண்டுமாம், தகப்பனுக்குச் சுகமில்லை. வெல்லாவெளிப் பக்கம் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடுகிறது என்று அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். பட்டிருப்புப் பாலம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன், அதற்கு அங்கால் ஓட மாட்டேன் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். பாலத்தடியில், வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போகிற உழவு இயந்திரம் ஒன்று நின்றது, பெட்டியில் ஏற்கெனவே சனம். அதில் ஏற்றிவிட்டு வந்தேன்.

27.11.2024

காரைதீவு மாவடிப்பள்ளிச் செய்தி எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மத்ரசாவிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகள். உழவு இயந்திரத்தோடு வெள்ளம் இழுத்துவிட்டது. இன்னும் தேடுகிறார்கள். இன்றைக்கு வேறொன்றும் எழுத முடியவில்லை. நேற்று நான் ஏற்றிவிட்டவர் போன் எடுத்தார், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

30.11.2024

மழை விட்டுவிட்டது. இரண்டு மூன்று நாளாக ஒரே யோசனை, எழுதிவிடுகிறேன்.

நான் அன்றைக்கு ஹயரை மறுத்தேன். சரியான மறுப்பு, இப்போதும் அதையே செய்வேன். ஆனால் அந்த மனிதருக்கு இருந்த ஆபத்து அதனால் குறையவில்லை, என் ஆட்டோவிலிருந்து இறங்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிவிட்டது. டாக்ஸியே ஓடக்கூடாது என்று சட்டம் கேட்டவருக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். மொன்றியலில் டாக்ஸியை நிறுத்தினால் அந்தத் தாதி பனியில் நடந்து போவா, அல்லது குளிர்கால ஓட்டமே பழகாத பக்கத்து வீட்டுப் பையன் காரில் போவா. போக வேண்டிய தேவை நிற்காதவரைக்கும் வண்டியை மட்டும் நிறுத்திப் பயனில்லை.

உழவு இயந்திரம் உயரம், பெரிய சில்லு, அதனால் பயமில்லை என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்பித்தான் ஏற்றிவிட்டேன். நிற்கிற தண்ணீருக்கு அது சரி. ஓடுகிற தண்ணீருக்கு உயரம் போதாது. ஓடும் தண்ணீர் 30 சென்ரிமீற்றர் இருந்தாலே சின்னக் காரை மிதக்கவைத்துத் தள்ளிவிடும், 60 என்றால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். ஆட்டோ காரைவிடப் பாரம் குறைவு, மூன்றே சில்லு. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட, தாம்போதியின் (வெள்ளம் மேலால் கடந்து போகிற தாழ்ந்த ரோட்டுத் துண்டு) மேல் தண்ணீர் போகும்போது கீழே ரோடு இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. கிட்டங்கியில், கிரான் புலிபாய்ந்தகல்லில் ஒவ்வொரு மாரியும் இதுதான் கதை. பாதை தெரிந்தவன் என்று சொல்கிறவன் போன கிழமைப் பாதையைத்தான் தெரிந்தவன்.

30.11.2024, சற்றுப் பின்னர்

ஓட்டமாவடிக் காக்கா (அண்ணன்) ஒருவர் கேட்டது: நிற்கிற தண்ணீரில் ஆட்டோவை எப்படி எடுப்பது, நின்றுபோனால் என்ன செய்வது?

தண்ணீர் சில்லின் நடுவைத் தாண்டினால் போகாதீர்கள் காக்கா, அதுதான் என் கோடு. அதற்குக் கீழே என்றால் முதல் கியர், அக்சிலரேட்டரை ஒரே அளவாகப் பிடித்துக்கொண்டு, நடுவில் கியர் மாற்றாமல் போக வேண்டும். விட்டு விட்டுக் கொடுத்தால் சைலன்ஸர் வழியாகத் தண்ணீர் ஏறப் பார்க்கும். எதிரே வான் வண்டி வந்தால் அவனை முதலில் விடுங்கள், அவன் கிளப்புகிற அலைதான் எஞ்சினை நனைக்கும். முன் சில்லு ஒற்றைச் சில்லு. அது குழிக்குள் விழுந்தால் கைபிடி கையை விட்டுப் பறக்கும், அதனால் இரண்டு கையும் இறுக்கமாக.

நின்றுபோனால் அங்கேயே ஸ்டார்ட் அடிக்க வேண்டாம், தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். பிளக்கைக் கழற்றி, தண்ணீர் இருந்தால் வெளியே எடுத்து, துடைத்து, பிறகு அடியுங்கள். உள்ளே தண்ணீரோடு சுற்றினால் தண்ணீர் அமுங்காது, இரும்புதான் வளையும். வான் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய செலவு.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் செய்கிற காரியம், வேகமாக ஓடுவது. அப்போதுதான் பிரேக் பிடிக்காது. ட்ரம்முக்குள் ஈரம். கொஞ்சத் தூரம் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை மெல்லமாக மிதித்து மிதித்துக் காயவையுங்கள்.

1.12.2024

காசுக் கதைக்கு வருவோம், இரண்டு நாளாக இங்கே சண்டை நடக்கிறது. வெள்ள நாளில் ஆட்டோக்காரன் ஒருவன் மூன்று மடங்கு கேட்டான், இது கொள்ளை என்று ஒரு வாசகி. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆளிடம் மூன்று மடங்கு கேட்டால் கொள்ளைதான், மறுப்பில்லை. ஆனால் வழக்கமான காசுக்கு வர வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தண்ணீரில் இரண்டு நாள் ஓடிய ஆட்டோவுக்குச் சில்லு பெயரிங் கிரீஸ் கழுவிப் போயிருக்கும், பிரேக் ஷூ மாற்ற வேண்டி வரும். எங்களில் பலரிடம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அது நாங்கள் மற்றவனை இடித்தால் அவனுக்குக் கொடுக்கும், எங்கள் எஞ்சினுக்குள் போன தண்ணீருக்கு ஒரு சதமும் தராது.

மொன்றியலில் டாக்ஸி மீற்றர் பனிநாளிலும் அதே மீற்றர். பக்கத்தில் ஆப் வண்டிகள் பனி கூடக்கூட விலையை ஏற்றிக்கொண்டே போகும், சனம் திட்டிக்கொண்டே ஏறும். கம்ப்யூட்டர் ஏற்றினால் அது தொழில்நுட்பம், கல்லடியில் நான் ஏற்றினால் கொள்ளை! சரி, சரி, கோபிக்க வேண்டாம் தங்கச்சி, பகிடிக்குச் சொன்னேன்.

எங்கள் தரிப்பிடத்தில் கதைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: வெள்ள நாளில் ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் கேட்டவன் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி ஹயருக்கு வழக்கமான காசு. எல்லோரும் கடைப்பிடிப்பார்களா என்று கேட்காதீர்கள். முதல் நாளே ஒருவன் கேட்டுவிட்டான், ஆஸ்பத்திரி வாசலில் கடை வைத்திருப்பவன் போனால் அது ஆஸ்பத்திரி ஹயரா என்று.

4.12.2024

பரீட்சை இன்று திரும்பத் தொடங்கியது. அதே பிள்ளை, அதே ஒழுங்கை, இன்றைக்குச் சேறு மட்டும். சப்பாத்தோடு வந்தாள்.

"1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வருமே, ஆட்டோக்காரன் ஏன் வெள்ளத்தில் ஆஸ்பத்திரி ஹயர் ஓட வேண்டும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுவசெரிய நல்ல சேவை, நானும் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் கிளினிக் நாள், கட்டு மாற்றுகிற நாள், மருந்து முடிந்த நாள் இதற்கெல்லாம் 1990க்கு அடிப்பீர்களா? அடிக்கவும் கூடாது. ஆஸ்பத்திரி ஹயரில் பெரும்பகுதி இப்படித்தான். உயிர் போகிற அவசரம் கிடையாது, ஒத்திவைக்கவும் முடியாது.

இதில் ஓட்டுநர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, முதல் நாளே கதைப்பது. எனக்குக் கிழமையில் இரண்டு தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போகிற ஐயா ஒருவர் இருக்கிறார். மழை எச்சரிக்கை வந்தால் முதல் நாள் பின்னேரமே போன் பண்ணுவேன், "ஐயா, நாளைக்கு விடியப் போவமா, இல்லாட்டி இண்டைக்கே போய் மகள் வீட்டில நிப்பீங்களா" என்று. பாதி நாள் அவர் மகள் வீட்டில் நிற்பார். அந்த ஹயர் எனக்குப் போய்விடும். போகட்டும்.

15.12.2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தம்பி வண்டியைச் சுழற்றி நடைபாதை விளிம்பில் ஏற்றிவிட்டானாம். ஆளுக்கு ஒன்றுமில்லை, பயணி இல்லை, ரிம் வளைந்துவிட்டது. மறுகா காரின் சொந்தக்காரர் ரிம் காசை அவனிடமே எடுத்துக்கொண்டாராம், வண்டி கராஜில் நின்ற நாட்களுக்கும் வாடகை கேட்டாராம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். (இங்கே எழுதினால் அம்மாவுக்குத் தெரியாதா என்ன? சித்தாண்டியில் இதை யாரும் வாசிப்பதில்லை என்று நினைக்கிறார்.)

எந்த டயர் என்று கேட்டேன். குளிர்கால டயர்தான், ஆனால் காரோடு வந்த பழசு. சட்டத்துக்கு அது போதும், மலையும் பனிப்பூவும் சேர்ந்த அடையாளம் பக்கத்தில் இருக்கிறது, பொலிஸ் பார்த்தாலும் விட்டுவிடும். ரோடு விடவில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவது தம்பி மேல் இல்லை. டயர் வாங்குவது சொந்தக்காரர், அதில் ஓடுவது தம்பி, வழுக்கினால் கட்டுவதும் தம்பி. டயரைத் தெரிவு செய்தவனும் நட்டப்படுபவனும் வேறு வேறு ஆள் என்றால் டயர் எப்போதும் மலிவாகத்தான் இருக்கும். இங்கே ஆட்டோ வாடகைக்கு விடுகிறவர்களும் இதே கணக்குத்தான் பார்க்கிறார்கள், மாரிக்கு முதல் மொட்டை டயரை மாற்றித் தருகிறவர் எத்தனை பேர் என்று தரிப்பிடத்தில் கேட்டுப் பாருங்கள்.

16.12.2024

"வழுக்கியது டயராலா, பழக்கமில்லாததாலா" என்று நோர்வே அக்கா கேட்கிறா. இரண்டும் இருக்கும் அக்கா. வழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை முழுதாக அமத்தி, ஸ்டியரிங்கை ஒடித்திருப்பான், புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். கண் கம்பத்தைப் பார்த்தால் வண்டி கம்பத்துக்குத்தான் போகும். தம்பிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரே வழி, ஞாயிறு விடியலில் வெறுமையாகக் கிடக்கிற கடை வாகனத் தரிப்பிடத்தில் பழைய ஓட்டுநர் ஒருவரோடு போய் வேண்டுமென்றே வழுக்கிப் பார்ப்பது. எனக்கு அப்படித்தான் ஒரு ஹெயிட்டிக்காரர் பழக்கினார். சத்தம் போட்டுப் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே பழக்கினார், திட்டு எதுவும் விளங்கவில்லை, கால் மட்டும் பழகிவிட்டது.

28.12.2024

இடையில் ஒருவர், பெருந்தெருவில் ஓடினால் பயமில்லை, அங்கே உடனே பனி அள்ளிவிடுவார்கள் என்று தம்பிக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 மார்ச் 14 இரவு மொன்றியலில் 13ஆம் இலக்கப் பெருந்தெருவில் ஏறத்தாழ 300 வாகனங்கள் விடியும்வரை பனிக்குள் மாட்டிக் கிடந்தன. நகரத்துக்குள்ளேயே, வீடுகள் தெரிகிற தூரத்தில். ஒழுங்கையில் மாட்டினால் யாராவது கதவைத் திறந்து தேத்தண்ணி தருவார்கள். பெருந்தெருவில் மாட்டினால் முன்னாலும் பின்னாலும் வண்டி, இறங்கி நடக்கவும் முடியாது.

அப்படி மாட்டினால் வேலை ஒன்று இருக்கிறது: எஞ்சினை ஓடவிட்டு ஹீற்றர் போடுவதற்கு முதல், இறங்கிப் போய்ப் பின்னால் சைலன்ஸர் குழாயைப் பனி மூடவில்லையா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட் வாயு உள்ளே வரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலேயே ஆள் முடிந்துவிடும். தாங்கியில் அரைவாசிக்குக் குறையாமல் பெற்றோல், ஒரு போர்வை, ஒரு மண்வெட்டி டிக்கியில் இருக்கட்டும். தம்பியிடம் நிச்சயம் சொல்லுங்கள்.

5.1.2025

"அப்போ கடைசியில் நீங்கள் ஓடச் சொல்கிறீர்களா, நிற்கச் சொல்கிறீர்களா" என்று களுவாஞ்சிக்குடித் தம்பி விடாப்பிடியாக நிற்கிறார். பனியில் ஓடு, உறைமழையில் நில். நிற்கிற தண்ணீரில் அளவு பார்த்து ஓடு, ஓடுகிற தண்ணீரில் இறங்காதே. இதெல்லாம் என் கோடு, உங்கள் கோடு வேறாக இருக்கலாம். ஆனால் ஆட்டோ வாங்கிய லீசிங் கடன் தவணை ஐந்தாம் தேதி என்று இருக்கிறவனிடம் போய் நான் இதைச் சொன்னால் அவன் தலையாட்டிவிட்டு ஓடத்தான் போவான். வெள்ளம் வந்த மாதத்துக்குத் தவணையைப் பின்தள்ளித் தா என்று எங்கள் தரிப்பிடத்திலிருந்து ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். பதில் வந்தால் இங்கே போடுகிறேன். கையெழுத்து வைக்க மாட்டேன் என்றவர்களும் இருக்கிறார்கள், பெயர் தெரிந்தால் அடுத்த லீசிங் கிடைக்காது என்று பயம்.

9.1.2025

ஓட்டமாவடிக் காக்கா பாவித்த டயர் வாங்கப் போகிறாராம், பள்ளம் நல்லா இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறார். பள்ளத்தை மட்டும் பார்க்காதீர்கள் காக்கா. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். 2316 என்றால் 2016ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. அப்படிப்பட்டது கடையில் புதுசு மாதிரித் தொங்கும், ரப்பர் இறுகிப்போய் ஈர ரோட்டில் பிடிக்காது. பக்கச்சுவரை மடக்கிப் பார்த்து முடிவெடுங்கள், மயிர்வெடிப்பு தெரிந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். முன் சில்லுக்கு மட்டுமாவது புதுசு போடுங்கள்.